நேசத்தின் இடது கால்

நேசத்தின் இடது கணுக்காலில், உட்பக்கமாக, ஒரு புண் இருந்தது. நுளம்பு கடித்ததைச் சொறிந்ததில்தான் தொடங்கியது. முதலில் நகத்தளவு, பிறகு உள்ளங்கையளவு. சுற்றியிருந்த தோல் கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்து இறுகிப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புடைத்து, முறுகி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

அந்தக் காலை நாள் தவறாமல் கழுவிக் கட்டியவர் அவளுடைய கணவர் சிங்கராயர். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பகல் நித்திரை முடிந்து எழும்பியதும் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, உப்புப் போட்டு, பேசினில் ஊற்றிக்கொண்டு வருவார். ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் குந்துவார். பழைய கட்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒட்டியிருக்கும் துணி நோகாமல் கழலும்வரைக்கும் பொறுமையாக இருப்பார். கழுவி, மருந்து வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை பண்டேஜைச் சுற்றிக்கொண்டு போவார்.

"இறுக்கமோ?" என்று கேட்பார்.

"இல்லை. இவ்வளவு காணும், போதும்" என்பாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த மாடிவீட்டில் இருவருக்குமிடையில் ஒரு நாளில் நடக்கும் கதை பெரும்பாலும் அவ்வளவுதான். அரிசி முடிந்துவிட்டது, லைட் பில் வந்திருக்கிறது என்பவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க வேண்டுமே. அவர் அவளுடைய காலைப் பார்ப்பார். அவள் அவருடைய தலை உச்சியில் மயிர் கொட்டிப்போன இடத்தைப் பார்ப்பாள்.

கால் அப்படியானது நின்று நின்றுதான். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து நேசம் புறக்கோட்டையில் ஏகப்பன் செட்டியாருடைய புடவைக்கடையில் வேலை செய்தாள். செட்டியார் நல்ல மனுஷர். தீபாவளிக்கு எல்லாப் பெண்களுக்கும் சேலை கொடுப்பார். கிறிஸ்தவள் என்பதால் நத்தாருக்கு நேசத்துக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுப்பார். ஆனால் கடைக்குள் கதிரையில் குந்துவது சேலை வாங்க வருபவர்கள் மட்டுந்தான். விற்கிற பிள்ளைகளும் குந்தினால் கடைக்குத் தூக்கம் பிடித்துவிடும் என்பார். காலையில் சேலையை உதறி விரிக்கத் தொடங்கினால் கடை பூட்டும்வரைக்கும் நின்ற நிலைதான். நேசத்தின் மகன் ஜெறோம் வயிற்றில் இருந்த மாதங்களிலும் அப்படித்தான் நின்றாள். நரம்பு முதன்முதலில் புடைத்தது அப்போதுதான்.

ஜெறோம் அவர்களுடைய ஒரே பிள்ளை.

அவன் ஏ-லெவல் சோதினைக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் கணித வகுப்புக்கு வெள்ளவத்தைக்குப் போவான். நாட்டில் சண்டை நடந்த காலம். அடையாள அட்டையை எடுத்தானா என்று வாசலில் வைத்துக் கேட்டுத்தான் நேசம் அவனை அனுப்புவாள். ஒரு சனிக்கிழமை போனவன் பொழுதுபட்டும் வரவில்லை. கூடப் படித்த பெடியன்கள் இருவருடைய வீடுகளுக்கும் சிங்கராயர் ஓடினார். வகுப்பு முடிந்து ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம், பிறகு தெரியாது என்றார்கள் இருவரும்.

பொலிஸ் பிடித்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிங்கராயர் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகப் போய்க் கேட்டார். நேசம் வீட்டில் அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அந்த நாட்களில் கொழும்பில் தமிழ்த் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பொலிஸ் பிடிக்கக் கூடாது என்றுதான் நேர்த்தி வைப்பார்கள். நேசம், பிடித்திருக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தாள். அடித்தாலும் பரவாயில்லை, எங்கேயாவது ஒரு கூட்டுக்குள் உயிரோடு இருக்கட்டும், நான் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்று மன்றாடினாள்.

மறுநாளும் போன பிறகுதான் பெடியன்களில் ஒருவன் வாய் திறந்தான். வகுப்பு முடிந்து மூவரும் கடலில் குளித்திருக்கிறார்கள். ஜெறோமை அலை இழுத்துப்போனது. பயத்தில் மற்ற இருவரும் உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் தெகிவளைப் பக்கம் உடல் கரையொதுங்கியது. ஆளை அடையாளம் காட்டச் சிங்கராயர் போனார். திரும்பி வந்து கதவடியில் நின்று, "அவன்தான்" என்றார்.

பெட்டி வீட்டுக்கு வந்தபோது ஆணி அறைந்து மூடியபடிதான் வந்தது. நேசம் அதன்மேல் விழுந்து, "திறவுங்கோ, ஒருக்காத் திறவுங்கோ" என்று மூடியில் அடித்தாள். நெஞ்சிரங்கிய யாரோ, "பெத்தவளுக்குக் காட்டத்தானே வேணும்" என்றார்கள். சிங்கராயர் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கி, "திறக்கிறேல்லை. நான் சொல்லிப்போட்டன்" என்றார். அவ்வளவு உரத்த குரலில் அவர் அதற்கு முன்னரும் பேசியதில்லை, அதற்குப் பிறகும் பேசியதில்லை.

மாதம்பிட்டியச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. அன்றிலிருந்து நேசத்தின் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி இறுகிப்போயிற்று. கடலுக்கு ஏன் போனான் என்று அவள் கேட்கவில்லை. பெடியன்கள் போகத்தான் செய்வார்கள். அவள் பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக அவர் பார்த்தார், அவளைப் பார்க்க விடவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ன கண்டீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவராகச் சொல்வார் என்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அப்படியே வருடங்கள் போய், சண்டையும் முடிந்து, இருவருக்கும் மயிர் நரைத்துவிட்டது. அதன் பிறகு நேசம் வெள்ளவத்தைப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. அங்கே கலியாண வீடென்றாலும் சிங்கராயர்தான் தனியாகப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார்.

கீழ்வீட்டில் இருந்த றஞ்சிதம்தான் முதலில் ஒரு புது வைத்தியத்தைப் பற்றிய கதையைக் கொண்டுவந்தாள். அவளுக்கும் காலில் நரம்புப் புடைப்பு இருந்தது. ஒரு நாள் ஒரு தட்டில் வடையோடு மாடியேறி வந்து, நீளச் சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். வழுவழுவென்று இருந்தது.

"வெட்டில்லை, தையலில்லை அக்கா. ஊசித் துவாரம் மாதிரி ஒண்டு. அதாலை ஒரு வயரை விட்டு, உள்ளுக்கை லேசராலை சுட்டு அந்த நரம்பை மூடி விடுகினம். ஆஸ்பத்திரியிலை நிக்கவும் தேவையில்லை. காலமை போய் மத்தியானம் வந்து, பின்னேரம் நான்தான் இடியப்பம் அவிச்சனான். உங்கட புண்ணுக்கும் காரணம் அந்த நரம்புதானாம். அதை மூடினால் புண் தன்பாட்டிலை காயுமாம்."

"எங்கை செய்யினம்?"

"வெள்ளவத்தையிலை. கோல் ரோட்டிலையிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டிலை."

நேசம் வடைத்தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். "பாப்பம்" என்றாள். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்கவில்லை. உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சிங்கராயரும் எடுக்கவில்லை. அடுத்த நாளும் பேசினோடு வந்து ஸ்டூலில் குந்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழும்பி நின்றபோது, நேசத்துக்குப் பாதத்தில் சூடாக எதுவோ ஓடுவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள். பண்டேஜ் முழுக்கச் சிவந்து, செருப்பு நிறைந்து, தரையில் இரத்தம் பரவிக்கொண்டிருந்தது. நோவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவருடைய சேட்டுக் கையைப் பிடித்தாள். சிங்கராயர் கோயிலென்றும் பாராமல் அவளை மரவாங்கிலில் கிடத்தி, காலைத் தூக்கித் தன் தோளில் வைத்து, சேட்டுப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துப் புண்ணின்மேல் அழுத்திப் பிடித்தார். சேலை முழங்காலுக்குமேல் போய்விட்டதே என்ற வெட்கத்தில் நேசம் கண்ணை மூடிக்கொண்டாள். சுவாமியார் வாசிப்பை நிறுத்திவிட்டார். யாரோ ஓடிப்போய் ஓட்டோ பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிறுத்திக் கட்டிய இளம் டொக்டர் சிங்களத்தில் கண்டித்தார். நரம்பு வெடித்திருக்கிறது, இன்னொரு முறை வெடிக்கும், அப்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சிங்கராயர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய வெள்ளைச் சேட்டின் ஒரு தோள் முழுக்க இரத்தம் காய்ந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள், "றஞ்சிதம் சொன்ன இடத்துக்கே போவம்" என்றாள் நேசம்.

"வெள்ளவத்தை எல்லோ?" என்றார் அவர்.

"ஓம். எனக்குத் தெரியும்."

முதல் நாள் போனது காலைப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும். பம்பலப்பிட்டி தாண்டியதும் நேசம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பியபோது உப்புக்காற்று முகத்தில் பட்டது. கண்ணைத் திறக்காமலே இறங்கி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

டொக்டர் மஷூர் நடுத்தர வயதுக்காரர். கதைக்கும்போது ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைப்பவர். காலில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, ஒரு கருவியைத் தொடையின் உட்பக்கம் வைத்து, கையால் கெண்டைக்காலை ஒருமுறை அமுக்கிவிட்டார். மெஷினிலிருந்து 'உஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. கையை எடுத்ததும் இன்னொரு சத்தம், முன்னையதைவிட நீளமாக, தேய்ந்து தேய்ந்து போய் அடங்கியது.

"கேட்டீங்களா அன்ட்டி? முதல் சத்தம் ரத்தம் மேல போறது. ரெண்டாவது அது திரும்பக் கீழ விழுற சத்தம். விழக் கூடாது. உள்ளுக்குச் சின்னச் சின்னக் கதவு இருக்குது, அதெல்லாம் பழுதாப் போயிட்டுது. விழுற ரத்தம் எல்லாம் கணுக்கால்ல வந்து தேங்குது. அதான் புண் ஆறுதில்ல. நிக்கிற வேலையா செஞ்சீங்க?"

"புடவைக்கடையிலை."

"ம்ம். நாங்க அந்தக் குழாய மூடி விட்டிருவம்."

"மூடினால் ரத்தம் எங்காலை போகும் டொக்டர்?"

"ஆழத்துல நல்ல குழாய் இருக்குது. அதால போகும். பயப்பட ஒண்டுமில்ல."

அடுத்த கிழமை நாள் கொடுத்தார்கள்.

அன்று சிங்கராயரையும் உள்ளே வர விட்டார்கள். ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரையில். நேசத்தைக் கட்டிலில் கிடத்தி, கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி போட்டார்கள். நேர்ஸ் லுத்பியா தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலடியில் ஒரு ஊசி. பிறகு தொடை நெடுகிலும் வரிசையாகக் குத்திக் குத்திக் குளிர்ந்த மருந்தை ஏற்றினார்கள். காலுக்குள் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றுவதுபோல இருந்தது. நேசம் பல்லைக் கடித்தாள்.

லுத்பியாவுக்கு நோயாளியின் நினைப்பை வேறு பக்கம் திருப்புவது பழக்கம். "அன்ட்டிக்கு எத்தன பிள்ளைகள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகத்தான் நேசம் புதிய மனிதர்களோடு பழகுவதையே விட்டிருந்தாள். தப்பிப் போக இடமில்லாமல் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, "ஒரு மகன்" என்றாள்.

"ஆ, என்ன செய்றாரு?"

"சோதினைக்குப் படிக்கிறான்."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. லுத்பியா அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தாள். பிடித்திருந்த கையைக் கொஞ்சம் இறுக்கினாள். திரைக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது.

"லேசர் தொடங்குறன், அன்ட்டி. ஒரு கருகின மணம் மாதிரி வரும். பரவால்ல" என்றார் டொக்டர். வாய்க்குள் எதுவோ கசந்தது. கால் தன்னுடையது இல்லை என்பதுபோல மரத்துக் கிடந்தது. பச்சைக் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்தது. நோகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள்.

வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. காலில் இறுக்கமான ஸ்டொக்கிங் ஒன்றை ஏற்றிவிட்டு, லுத்பியா அவளை எழுப்பி நிறுத்தினாள்.

"இப்ப அரை மணித்தியாலம் நடக்கணும் அன்ட்டி. இருக்கவும் வேணாம், ஒரே இடத்துல நிக்கவும் வேணாம். நடந்துட்டு வந்து காட்டிட்டுப் போங்க."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். மேலே கோல் ரோட்டில் பஸ்ஸும் சனமும், நடைபாதை நிறையக் கடைச் சாமானும். கீழே ஒழுங்கை முடிகிற இடத்தில் வெளிச்சமாக இருந்தது.

"மேலாலை போவமோ?" என்று சிங்கராயர் கேட்டார்.

நேசம் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அந்தச் சனத்துக்குள்ளை என்னாலை ஏலாது. கீழாலை போவம்."

மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தோரமாக நடந்தார்கள். அந்தப் பக்கம் கறுத்த கல்லுகள், அதற்கப்பால் கடல். வெயிலில் கண்ணைக் கூசியது. எவ்வளவோ வருடமாக நினைத்து நடுங்கிய கடல் சும்மா பெரிதாக, நீலமாகக் கிடந்தது. அலை கல்லில் மோதிச் சிதறுவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது.

"உள்ளுக்கை நீர் சொன்னது எனக்குக் கேட்டது" என்றார் சிங்கராயர்.

"தெரியாமல் வந்திட்டுது."

"ம்."

கொஞ்சத் தூரம் நடந்தார்கள். தெகிவளைப் பக்கமிருந்து ரயில் ஒன்று வந்து, காதடைக்கக் கடந்து போனது. அதன் காற்றில் நேசத்தின் சேலைத் தலைப்புப் பறந்தது. அவர் பிடித்துக் கொடுத்தார்.

"எந்த இடத்திலை?" என்று கேட்டாள்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தக் கல்லுகளுக்கு அங்காலையாம். அந்தப் பெடியன் வந்து காட்டினவன்."

"நான் ஒண்டு கேக்கவேணும்."

"கேளும்."

"அவன்ர முகம் எப்பிடி இருந்தது?"

சிங்கராயர் நின்றுவிட்டார். அவளால் நிற்க முடியாதே; நிற்கக் கூடாது என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். அவள் நடந்தாள். இரண்டு எட்டு வைத்து அவர் வந்து சேர்ந்துகொண்டார். மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது.

"நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருந்தவன்" என்றார். "வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சின்னனிலை காய்ச்சல் வந்தால் அப்பிடித்தானே படுப்பான். அந்த மாதிரி. முகத்திலை ஒண்டுமில்லை. நல்ல வடிவா இருந்தவன்."

நேசம் சத்தமில்லாமல் அழுதுகொண்டு நடந்தாள்.

"காலிலைதான் மணல். விரலுக்கிடையிலை எல்லாம் ஒட்டியிருந்தது. பிரேத அறையிலை நிண்ட ஆளிட்டைத் துவாய் ஒண்டு கேட்டு வேண்டி, நனைச்சுத் துடைச்சு விட்டனான். ரெண்டு காலையும். அந்தாள் சிங்களவன். நான் துடைச்சு முடியுமட்டும் வெளியிலை போய் நிண்டவன்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

ஓடிப் பயிற்சி செய்துகொண்டு வந்த ஒரு பெண், அழும் கிழவியையும் பக்கத்தில் தலைகுனிந்து நடக்கும் கிழவரையும் பார்த்துவிட்டு விலகி ஓடினாள். இருவரும் தெகிவளைத் திசையில் போய், திரும்பி, அதே வழியால் நடந்து வந்தார்கள். லுத்பியா ஸ்டொக்கிங்கைச் சரிபார்த்துவிட்டு, "நல்லா நடந்திருக்கீங்க" என்றாள்.

அதன் பிறகு புண் காயத் தொடங்கியது. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதிய தோல் உள்நோக்கி வளர்ந்தது. ஸ்டொக்கிங் போடுவதற்கு முதலில் சிங்கராயர் உதவினார். பிறகு அவள் தானாகவே இழுத்துப் போடப் பழகிக்கொண்டாள். ஒரு நாள் பார்த்தபோது புண் இருந்த இடத்தில் காகிதம்போல மெல்லிய தோல் மூடியிருந்தது. டொக்டர் மறுபடியும் மெஷினை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. "குழாய் மூடிட்டுது" என்றார்.

சிங்கராயருக்கு இப்போது பின்னேரங்களில் செய்ய ஒன்றுமில்லை. பகல் நித்திரையால் எழும்பிக் கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ஆனால் வீட்டில் கதை வந்திருந்தது. நேசம்தான் தொடங்கினாள். ஜெறோம் ஒருமுறை மீன்குழம்புச் சட்டியை விழுத்தி உடைத்துவிட்டுப் பூனையில் பழி போட்டதை ஒரு நாள் சொன்னாள். "நாங்கள் பூனை வளக்கேல்லையே" என்று அவர் சிரித்தார். அந்தப் பெயர் வீட்டுக்குள் திரும்ப நடமாடியது. கண்ணை மூடினால் அவளுக்கு ஒரு முகம் தெரிந்தது. வாய் சற்றே திறந்து நித்திரை கொள்ளும் முகம். அத்தனை வருடமும் கண்ணை மூடினால் தெரிந்தது ஒரு பெட்டியின் மூடி மட்டுந்தான்.

தங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் மரியாம்பிள்ளை மாஸ்டர் செத்தபோது நேசம் றஞ்சிதத்தோடு போனாள். முன்பெல்லாம் செத்தவீட்டில் நிற்க முடியாது என்று போகமாட்டாள். நடுக்கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. கோட்டும் டையும் போட்டு, கையில் செபமாலை சுற்றி, மாஸ்டர் படுத்திருந்தார். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாருங்கோ, நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கிறார்" என்றாள்.

நேசத்தின் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தால் திறந்து வைப்பார்கள். எல்லோரையும் பார்க்க விடுவார்கள். பெற்றவளைக் கூப்பிட்டு முத்தமிட விடுவார்கள்.

மூன்று நாள் கடலுக்குள் கிடந்தவன். அந்தக் கல்லுகளை அவளே பார்த்திருக்கிறாள்.

சன்னலுக்கு வெளியே, பந்தலுக்குக் கீழே, ஆண்களோடு சிங்கராயர் இருந்தார். யாரோ எதையோ சொல்ல, கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு எப்போது இவ்வளவு கூனிப்போனது என்று நேசம் பார்த்தாள். அன்றைக்குத் தண்டவாளத்தோரம் அவர் நின்ற அந்த ஒரு கணம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதற்குள்தான் அவர் அந்த முகத்தைச் செய்திருக்கிறார். தான் கண்டதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவளுக்கு வேறொன்றைத் தந்திருக்கிறார். மணலை அவள் கேட்காமலே சொன்னார். அதுமட்டும் உண்மையாக இருக்கும்.

திரும்பி வரும்போது மழை தூறியது. றஞ்சிதமும் அவளும் ஒரு குடைக்குள் நடந்தார்கள். பின்னால் சிங்கராயர் தன் குடையோடு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் றஞ்சிதம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினையாதையுங்கோ. மாஸ்டரைப் பாக்கேக்கை உங்கட முகம் ஒரு மாதிரிப் போச்சுது. ஜெறோம் தம்பியை உங்களுக்குக் காட்டவே இல்லை எண்டு முந்திச் சொன்னியள்" என்றாள்.

நேசம் திரும்பிப் பார்த்தாள். சிங்கராயர் படியில் ஒரு காலை வைத்தபடி, குடையை மடக்காமல் நின்றார்.

"நான் பாக்கேல்லை" என்றாள் நேசம், அவருக்கும் கேட்கக் கூடியதாக. "இவர் பாத்தவர். நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருந்தவனாம். முகத்திலை ஒண்டுமில்லையாம்."

சிங்கராயர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரு விநாடிதான். அவருக்கு விளங்கிவிட்டது. குடை கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் குந்தினார். பிள்ளையை அடக்கம் செய்த நாளில்கூட அழாத மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலத் தேம்பி அழுதார். றஞ்சிதம் திகைத்துப் போய், தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

நேசமும் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நேசம்" என்றார், கையை எடுக்காமல். "அவன்ர முகம்..."

"வேண்டாம்" என்றாள் அவள். "நீங்கள் சொன்னதே எனக்குக் காணும்."

மழை பலத்தது. செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும் சனம் குடைகளோடு ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்காக அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். கீழே உருண்ட குடையில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. எடுக்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.